மூலையில் ஒரு சக்கர நாற்காலி

செங்கல்பட்டில் ஒரு மருத்துவமனைக்கு வெப்சைட் செய்துகொடுத்தேன். பார்வையற்றவர்களுக்காக, பக்கம் திறந்ததும் தானே படித்துக்காட்டும் ரெடிமேட் கருவி ஒன்றை வாங்கி மூலையில் வைத்தேன். நீலச் சக்கர நாற்காலிப் படத்தோடு அழகாக இருந்தது.

புதுப்பட்டினத்தில் எங்கள் எதிர்வீட்டுச் செல்விக்குப் பார்வை கிடையாது. அவள் அம்மாவின் டயாலிசிஸுக்கு அவள்தான் அந்த வெப்சைட்டில் டோக்கன் போட வேண்டும். பெருமையாகப் போடச் சொன்னேன். திரையில் இருப்பதை அவளுடைய போன் வாய்விட்டுப் படிக்க ஆரம்பித்ததும் என் கருவியும் கூடவே கத்தியது.

"இன்னாண்ணா, ரெண்டு பேரும் ஒண்ணா பேசிகினு கீறாங்க? என் போனே படிக்குமே. இத்த எடுத்துடேன்."

அன்றே எடுத்தேன். ஒவ்வொரு பட்டனையும் அவள் போன் சரியாகப் படிக்கும்படி மாற்றினேன். செல்வி தானே டோக்கன் போட்டாள். அவ்வளவு சிரிப்பு.

அந்த வாரமே மருத்துவமனை மேனேஜர் கூப்பிட்டார். "அந்தச் சக்கர நாற்காலி படம் எங்க சார்? அதக் காட்டித்தானே மாற்றுத்திறனாளிகளுக்கு வசதி இருக்குன்னு சொல்றோம்?"

செல்வியைப் பற்றிச் சொன்னேன்.

"அதெல்லாம் யாருக்கு சார் தெரியப்போகுது? படத்தப் போடுங்க."

அந்தப் படம் கருவியோடு சேர்ந்துதான் வரும். போட்டேன்.

நேற்று செல்வி வாசலில் நின்றாள். "அண்ணா, அது திரும்ப வந்துகீது. டோக்கன் போட முடியல. யாரோ தெரியாம போட்டுட்டாங்க போல. நீ சொன்னா எடுத்துடுவாங்க."

சொல்கிறேன் என்றேன். என் முகம் அவளுக்குத் தெரியாது என்று அப்போது எனக்கு ஒரு நிம்மதி வந்தது. அந்த நிம்மதியைத்தான் மறக்க முடியவில்லை.