உபதேசியாரும் ஒரு கறி சமோசாவும்

ஊரார் பாவத்துக்கெல்லாம் மைக்கில் மன்னிப்புக் கேட்பதுதான் உபதேசியார் வேலை. ஜெபமாலை, சிலுவைப்பாதை, வாசகம் படிப்பவர்களைப் பழக்குவது, நாடகத்துக்கு ஆள் பிடிப்பது எல்லாம் என் தலையில். கோயிலில் சாமியாரைவிட அதிகம் பேசுகிறவன் நான்தான். ஈஸ்டருக்கு முந்தைய நாற்பது நாள் தவக்காலம் வந்தால் தொண்டை கட்டிக்கொள்ளும். இதே வேலையில் அவதிப்படும் சகோதரர்களே, கடலூர் முதுநகரில் இந்த வருடம் எனக்குத் தொண்டையோடு நிற்கவில்லை, மானமும் போயிற்று.

யூதாஸ் கிடைக்காத ஊர்

ஏசு சிலுவையில் மரித்த கதையை நடிக்கும் பாடுகளின் நாடகத்துக்கு ஆள் பிடித்தவர்களுக்குத் தெரியும். பேதுரு வேஷத்துக்கு அடிதடி நடக்கும், ஆண்டவரைக் காட்டிக்கொடுத்த யூதாஸுக்கு ஒருவரும் வரமாட்டார்கள். போன வருடம் கேட்ட ஆளெல்லாம் கையை விரித்துவிட்டார்கள். கடைசியில் என் மனைவியின் தம்பி சவரிமுத்துவைப் பிடித்துப் போட்டேன். நெல்லிக்குப்பம் ஆலைக்குக் கரும்பு ஏற்றி டிராக்டர் ஓட்டுகிறவன். அக்கா புருஷன் சொன்னால் தட்டமாட்டான், அந்தத் தைரியம்தான். ஆண்டவரைத் தெரியவே தெரியாது என்று மூன்று முறை சொல்லும் பேதுரு வேஷத்தை நானே எடுத்துக்கொண்டேன்.

பாவி, அப்படி நடித்தான். பக்கத்துக் குப்பத்திலிருந்து பார்க்க வந்த மீனவர்கள்கூட எழுந்து நின்று திட்டினார்கள். அன்றிலிருந்து அவன் பெயர் யூதாஸ். கடையில், பஸ்ஸில், ரேஷன் வரிசையில் அதே பெயர்தான். இந்த வருடம் சாம்பல் புதனன்று நெற்றிச் சாம்பலோடு வந்து என் கையைப் பிடித்துக்கொண்டான். "எம் பொண்ணு ஸ்டெல்லாவுக்கு ஒரு எடம் வந்திருக்கு மாமா. சிதம்பரத்துக்காரங்க. அவுங்க காதுல மட்டும் இந்தப் பேரு விழுந்துடக் கூடாது."

பாய் கடை

இந்த வருடம் ரம்ஜானும் தவக்காலமும் சேர்ந்தே வந்தன. தவக்காலத்து வெள்ளிக்கிழமையில் கறி கூடாது என்று வாராவாரம் மைக்கில் சொல்கிறவன் நான். அப்படி ஒரு வெள்ளிக்கிழமை, மாப்பிள்ளை வீட்டார் ஐந்து மணிக்கு வருவதாக இருந்தது. "சிலுவைப்பாதைக்கு ஏற்பாடு பண்ணணும், வீட்டுக்கு வர முடியாது" என்று சவரியிடம் சொல்லிவிட்டேன். பண்ணிய ஏற்பாடு என்னவென்றால், நாலு மணிக்குப் பாய் கடையில் ஒதுக்குப்புறமாக உட்கார்ந்து ஒரு கறி சமோசாவைக் கையில் எடுத்ததுதான். நோன்பு திறக்க வருகிறவர்களுக்காகப் பாய் சுட்டுக்கொண்டிருந்தார். அவரே பச்சைத் தண்ணி பல்லில் படாமல் நோன்பிருந்தார்.

பாதி சமோசா வாயில் இருக்கும்போது கடை வாசலில் ஒரு கார் நின்றது. ஒரு மணி நேரம் முன்னதாகவே வந்துவிட்டார்கள். மாப்பிள்ளையின் அம்மா இறங்கி, சவரிமுத்து வீடு எது என்று கேட்டார். பாய் கள்ளங்கபடம் இல்லாமல், "யாரு, நம்ம யூதாஸா? நேராப் போயி லெஃப்ட்ல திரும்புங்க" என்றார். அந்த அம்மாள் முகம் மாறியது. என் கழுத்துச் சிலுவையைப் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பி, "அய்யா இந்தக் கோயில்தானே? சவரிமுத்து ஆளு எப்படி?" என்று கேட்டார். எனக்கு அந்த நேரத்தில் தெரிந்ததெல்லாம் கையிலிருந்த மீதிச் சமோசாதான். அதை வேட்டி மடிப்பில் தள்ளிவிட்டு, "எனக்குத் தெரியாதுங்க, நான் வெளியூரு, மங்கலம்பேட்டை" என்று சொல்லிவிட்டேன்.

கார் போனதும் பாய் கரண்டியைக் கீழே வைத்தார். "என்ன உபதேசியாரே, சமோசாவ மறைக்கிறதுக்கு மச்சானையே மறைச்சிட்டீங்க?"

ஒன்பதாம் நிலை

பெண்ணைப் பார்த்துவிட்டு அவர்கள் சிலுவைப்பாதைக்கும் வந்துவிட்டார்கள். எனக்கு அது தெரியாது. ஒவ்வொரு நிலையிலும் சனங்களை முழந்தாளிடச் சொல்லி, சொந்தமாக ஒரு ஜெபமும் சேர்த்துச் சொல்வது என் வழக்கம். ஆண்டவர் மூன்றாம் முறை விழும் ஒன்பதாம் நிலையில், "பொய் பேசாத நாவை எங்களுக்குத் தாரும்" என்று உருக்கமாக இழுத்தபடி கண்ணைத் திறந்தேன். மூன்றாவது வரிசையில் அந்த அம்மாள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அடுத்த வரி மறந்துவிட்டது. மைக்கில் வெறும் மூச்சுதான் கேட்டது. நான் அழுகிறேன் என்று நினைத்துப் பெண்கள் பக்கம் விசும்ப ஆரம்பித்துவிட்டது.

முடிந்ததும், இப்படி ஒரு ஜெபம் கேட்டதில்லை என்று நாலு பேர் கையைப் பிடித்தார்கள். கூனிக் குறுகி நின்றேன். சவரி அவர்களை அழைத்து வந்து, "இவுருதான் எங்க மாமா, கோயில் உபதேசியாரு" என்று பெருமையாகச் சொல்லிவிட்டு, காரைத் திருப்ப இடம் காட்ட ஓடினான். அந்த அம்மாள் அவன் போகும்வரை காத்திருந்து மெதுவாகக் கேட்டார்: "மங்கலம்பேட்டையிலேந்து அதுக்குள்ள வந்துட்டீங்களா?"

வீட்டில்

யோசித்துச் சொல்கிறோம் என்று போனவர்கள் போன் பண்ணவில்லை. பாய் வேறு, பெயரை உளறிவிட்டதாகச் சவரியிடம் போய் வருத்தம் தெரிவித்திருக்கிறார். என்னைப் பற்றி மூச்சு விடவில்லை. நல்ல மனுஷர். ஆனால் சவரி, தன் பெயர்தான் மகள் வாழ்க்கையைக் கெடுத்தது என்று முடிவு கட்டிவிட்டான். ஞாயிற்றுக்கிழமை பூசைக்கும் வருவதில்லை. நானோ மைக்கில், மனம் நொந்த குடும்பங்களுக்காக ஜெபித்துக்கொண்டிருந்தேன்.

ஒரு நாள் தாங்காமல் என் மனைவி லூர்துவிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். அவள் வெங்காயம் நறுக்குவதை நிறுத்தவில்லை. "பேதுரு வேஷத்த நீங்க இன்னும் கலைக்கவே இல்லன்னு சொல்லுங்க."

சிதம்பரம்

தம்பியிடம் போய்ச் சொல் என்றாள். நான் அவனிடம் போகாமல் சிதம்பரத்துக்குப் பஸ் ஏறினேன். மூன்றாம் மனுஷரிடம் மன்னிப்புக் கேட்பது சொந்தக்காரனிடம் கேட்பதைவிட சுலபம். மாப்பிள்ளை வீட்டில் காப்பி கொடுத்தார்கள். யூதாஸ் என்பது நாடகப் பெயர், அந்த வேஷத்தை அவன் தலையில் கட்டியதே நான்தான், சவரி தங்கமான ஆள் என்று மூச்சுவிடாமல் சொன்னேன்.

அந்த அம்மாள் கடைசிவரை கேட்டார். "வேஷம் போட்ட பேருன்னு பொண்ணோட அப்பாவே அன்னிக்கு வீட்ல சிரிச்சிக்கிட்டே சொன்னாருங்க. அதுல எங்களுக்கு ஒண்ணுமில்ல. சொந்த மாமனே தெரியாதுன்னு சொல்றாரே, அந்தக் குடும்பத்துல வேற என்னமோ இருக்குன்னுதான் பயந்துட்டோம்."

பெரிய வியாழன்

ஆண்டவர் தம் சீடர்கள் காலைக் கழுவியதை நினைத்துச் சாமியார் செய்யும் பாதம் கழுவும் சடங்குக்குப் பன்னிரண்டு பேரைப் பிடிப்பதும் என் வேலைதான். எல்லோரும் வீட்டிலேயே சோப்புப் போட்டு, நகம் வெட்டி, பவுடர்கூடப் பூசிக்கொண்டு வந்துவிடுவார்கள். சாமியார் கழுவ அழுக்கே இருக்காது. லூர்து கையைப் பிடித்து இழுத்து வந்ததால் சவரியும் பன்னிரண்டில் ஒருவனாக உட்கார்ந்திருந்தான். ஷேவ் பண்ணாத முகம், வேலையிலிருந்து அப்படியே வந்த கால், கணுக்கால்வரை கரும்புக் கொல்லைச் சேறு. "யூதாஸ் காலயும் அன்னிக்குக் கழுவுனாருல்ல மாமா" என்று சிரிக்கப் பார்த்தான்.

சாமியார் வருவதற்குள் சொல்லிவிட வேண்டும் என்று அவன் பக்கத்தில் உட்கார்ந்தேன். சமோசா, மங்கலம்பேட்டை, சிதம்பரத்தில் கேட்டது, எதையும் விடவில்லை. மைக் இல்லாமல் என் குரல் இவ்வளவு சின்னது என்று அன்றுதான் தெரிந்தது. ஈஸ்டர் முடிந்ததும் வந்து பேசி முடிக்கலாம் என்று அவர்கள் சொன்னதையும் சொன்னேன். சந்தோஷப்படுவான் என்று நினைத்தேன். அவன் தன் காலையே பார்த்துக்கொண்டிருந்தான். "நல்லது மாமா. ஆனா இத்தினி நாளா எம் பொண்ணு மூஞ்சிய நேராப் பாக்க முடியாம, அவ தூங்குனப்புறம்தான் வீட்டுக்குப் போயிக்கிட்டிருந்தேன். அன்னிக்கே ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ல?"

ஊரையே முழந்தாளிடச் சொல்லிவிட்டு, மைக் கையில் இருக்கிற ஒரே காரணத்தால் நாம் மட்டும் நின்றுகொண்டே ஜெபித்துவிடலாம், இந்த வேலையில் அவ்வளவு வசதி இருக்கிறது.