ஆளுக்கொரு பலகை

காலை ஐந்தரை மணி, பன்னிரண்டு பஸ்கள், ஒரு கோதண்டம்: ஒரகடத்தில் கம்பெனி பஸ்களை மேய்க்கும் தொழில் மொத்தமும் இவ்வளவுதான். டிரைவர்களை வைத்து வேலை வாங்கும் உங்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. உங்களிடமும் ஒரு கோதண்டம் இருப்பார். நான் ஒரு பஸ் கான்ட்ராக்டரிடம் சூப்பர்வைசர். ஷிப்டு ஆட்களை ஏற்றி வந்து தொழிற்சாலை கேட்டில் இறக்குவது எங்கள் பொறுப்பு.

எல்லாருக்கும் அறுபது

முன்பெல்லாம் எங்கள் ஷெட்டில் ஒரே அறிவிப்புதான் தொங்கும்: 'வேகம் அறுபது'. தென்காசிப் பக்கத்திலிருந்து வந்த செல்வம் பெரிய வண்டிக்குப் புதியவர். சேர்ந்த புதிதில் ஒருநாள், கொட்டும் மழையில், ஸ்டியரிங்கைக் கட்டிப்பிடித்துக்கொண்டு முள் அறுபதை விட்டு நகராமல் வந்து சேர்ந்தார். ஏன் இப்படி என்று கேட்டேன்.

"அறுபதுன்னு எழுதிப் போட்ருக்கீய, கொறச்சா ஏசுவீயளோன்னு நெனச்சேன் சார்."

கீறல் இல்லாத வண்டி

கோதண்டத்துக்கு அதே அறுபது அவமானம். ஸ்ரீபெரும்புதூர் பக்கத்துக் கிராமத்துக்காரர். எங்களிடம் அவரைப்போல வண்டி தெரிந்தவர் கிடையாது. படப்பை பெண்கள் விடுதியிலிருந்து முதல் ஷிப்டு பஸ்ஸை எடுப்பார். கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவில் நூல் கோப்பதுபோல நுழைந்து, எல்லாருக்கும் முன்னால் கேட்டில் நிற்பார்.

ஒருநாள் தொழிற்சாலை மேனேஜர் கூப்பிட்டு, இன்னொரு புகார் வந்தால் அந்த டிரைவர் வேண்டாம் என்றார். முன் சீட்டில் உட்காரும் மகேஸ்வரியிடம் விசாரித்தேன். அசெம்பிளி லைனில் வேலை செய்பவர். "எங்கயும் மோத மாட்டாருண்ணே. ஆனா ஒருத்தராலயும் கண்ண மூட முடியல. கம்பிய புடிச்சிக்கினே வரோம்" என்றார். விடிவதற்கு முன் எழுந்து கிளம்பும் பெண்களுக்கு மிச்சத் தூக்கம் பஸ்ஸில்தான். இதைக் கோதண்டத்திடம் சொன்னேன்.

"நம்ம வண்டில ஒரு கீறல் கீதா, சொல்லு சார்? அப்பால இன்னாத்துக்கு கம்ப்ளெய்ண்ட்டு?"

பூட்டு

நல்ல டிரைவரை அனுப்ப எனக்கு மனமில்லை. சாலை விதி எல்லாருக்கும் ஒன்றுதான். அதற்குள் ஆளுக்குத் தகுந்தபடி ஒரு விதி வைத்தால் என்ன என்று தோன்றியது. ஒவ்வொரு பஸ்ஸிலும் ஒரு நடை போய்வந்து, ஒவ்வொரு டிரைவருக்கும் ஒரு பலகை எழுதினேன். செல்வத்துக்கு 'நாற்பது, மழையில் முப்பது'. வளைவில் நின்று ஊரையே முன்னால் அனுப்பிவிட்டு வரும் ராஜமாணிக்கத்துக்கு 'வழி கிடைத்தால் போ'. கோதண்டத்துக்கு ஒரே வார்த்தை: 'முந்தாதே'. பலகை வண்டியுடையது அல்ல, டிரைவருடையது. எந்த வண்டி எடுத்தாலும் பயணிகள் பார்க்கும்படி மாட்ட வேண்டும்.

கோதண்டம் சாவியை என் மேஜைமேல் வைத்தார். உங்கள் வண்டியில் எல்லாரும் தூங்குகிற அன்று விதி எதுவும் எழுதாத வெற்றுப் பலகை தருகிறேன் என்றேன். சாவியை எடுத்துக்கொண்டார்.

"நல்லா ஓட்றவனுக்குத்தான் பூட்டா? சரி, கழட்ற அன்னிக்குப் பாத்துக்கலாம் சார்."

செல்வம் முந்திய காலை

முதல் சில வாரம் யாரும் தூங்கவில்லை, அவர்கள் நம்பவில்லை. கோதண்டம் ஆக்சிலரேட்டரில் காலை அழுத்தினாலே பின்னாலிருந்து யாராவது பலகையைச் சத்தமாகப் படித்தார்கள். பிறகு ஒரு காலை, படப்பை தாண்டி ஒரு டிரெய்லர் ஊர்ந்துகொண்டிருந்தது. கோதண்டம் அதன் பின்னாலேயே வந்தார். செல்வம் தன் நாற்பதில் ஹாரன் அடித்து இருவரையும் தாண்டிப் போனார். கேட்டில் செல்வம் இறங்கிச் சிரித்துக்கொண்டு நிற்க, நான் கோதண்டத்தின் சாவி மறுபடி மேஜைக்கு வரும் என்றுதான் நினைத்தேன்.

கோதண்டத்தின் பஸ் வந்து நின்றது. கதவு திறந்தது. ஒருவரும் இறங்கவில்லை. மகேஸ்வரி உட்பட அத்தனை பேரும் தூங்கிக்கொண்டிருந்தார்கள். கோதண்டம் சீட்டிலேயே திரும்பி உட்கார்ந்து, அவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். என்னிடம் குரலைத் தாழ்த்திச் சொன்னார்:

"எழுப்பவும் மனசு வரல, எழுப்பாங்காட்டி அட்டென்டன்ஸ் பஞ்ச் போயிடும். இன்னா சார் பண்றது?"

வெற்றுப் பலகை

சொன்னபடி வெற்றுப் பலகை கொடுத்தேன். பன்னிரண்டு பேரில் அதை வாங்கிய முதல் ஆள் அவர். ஷெட்டில் எல்லாரும் கை தட்டினார்கள். எனக்கும் கர்வமாகத்தான் இருந்தது. மறுநாளே அதை மாட்டிக்கொண்டு கிளம்பினார். கேட்டில் இறங்கிய மகேஸ்வரி, அவர் காதில் விழும்படியே என்னிடம் சொன்னார்:

"அண்ணன் நல்லாத்தான் ஓட்னாருண்ணே. போர்டு காலியா இருந்துச்சா, அதப் பாத்துக்கினே வந்ததுல தூக்கந்தான் வரல."

போன ஆயுதபூஜையன்று நாங்கள் பொட்டு வைத்த பன்னிரண்டு பலகைகளில் பதினொன்றில் என் எழுத்து இருந்தது, பன்னிரண்டாவதில் கோதண்டத்தின் கோணல் எழுத்தில் 'முந்தாதே' என்று இருந்தது.