மச்சான் பேனாவுக்கு எண்ணெய்க் குளியல்

போன சனிக்கிழமை என் வீட்டில் எண்ணெய் தேய்த்துக் குளித்தது நான் மட்டுமல்ல. மச்சானின் பேனாவும்தான்!

மச்சான் என்றால் என் மனைவியின் அண்ணன். ஈரோட்டில் மஞ்சள் மண்டி. ஏதோ ஒரு சீர்த் தகராறில் வெகுகாலம் எங்கள் வாசலை மிதிக்காதவர், இப்போதுதான் வரத் தொடங்கியிருக்கிறார். வந்தவர் தன் சீமைப் பேனாவை மேஜைமேல் மறந்துவிட்டுப் போனார். பெற்ற மகள் கையில்கூடத் தராத பேனா! சனிக்கிழமை மத்தியான ரயிலில் வந்து வாங்கிக்கொள்வதாகக் கடுதாசி.

அப்படியே கொடுத்திருக்கலாம். நம் கை சும்மா இருக்குமா? உள்ளே மை காய்ந்து கட்டியாகிக் கிடந்தது. பளபளவென்று திருப்பித் தந்தால் உறவு இன்னும் கெட்டிப்படுமே... தலைக்குத் தேய்த்துக் குளிப்பதற்கு அரப்புத் தூள் கரைத்திருந்தது. அண்டாவில் வெந்நீர் கொதித்தது. தேய்த்தேன். முக்கினேன்.

கறுப்பாக உள்ளே போன பேனா, வெந்நீரில் வெளுத்து, காப்பி நிறத்தில் வெளியே வந்தது.

பதறிப்போய் விளக்கெண்ணெய் பூசினேன். வழுக்கியதே தவிர, கறுக்கவில்லை.

"ஏனுங்க, அதென்ன தலைமுடியா, அரப்பு போட?" என்றாள் மனைவி. பிறகு மெதுவாக, "எங்கண்ணன் இப்பத்தானுங்க வந்து போயிட்டிருக்குது..."

திட்டியிருந்தால் தேவலை. பேனாவை வாங்கி, பச்சைத் தண்ணீரில் அலசி அலசி அரப்பெல்லாம் போக்கி, மை ஊற்றி வைத்தாள்.

மச்சான் வந்தார். பொய்கள் பல தயார் செய்திருந்தேன். வாயைத் திறந்தால் வந்ததோ உண்மை!

"மச்சான்... பேனாவைக் குளிக்க வார்த்துப்போட்டேனுங்க."

திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஒரு காகிதத்தில் கிறுக்கினார்.

"எழுதுதுங்களே மாப்ளே!"

"ஏனுங்க, முன்னே எழுதாதுங்களா?"

"எங்கீங்க எழுதுச்சு? அடைச்சுப் போயி ரொம்ப நாளாச்சுங்க. கெளரதைக்குப் பையில சொருகிட்டுத் திரியறனுங்க. மக கேட்டாக்கூடத் தாரதில்ல — குட்டு ஒடைஞ்சு போயிருமில்லீங்க!"

முதலில் சிரித்தவள் என் மனைவிதான்.

அவர் சாப்பிட்டுக் கிளம்பிய பிறகு பார்த்தால், பேனா மறுபடியும் மேஜைமேல். வாசலுக்கு ஓடினேன். "மச்சான், பேனாங்க!"

ஜட்கா வண்டியிலிருந்து கையை ஆட்டினார். "இருக்கட்டுங்க மாப்ளே. அதைச் சாக்கு வெச்சு இன்னொருக்கா வாரேன்!"

மகராசன்! இந்தப் பத்தியை அந்தப் பேனாவால்தான் எழுதுகிறேன். அலசுவது இப்போதெல்லாம் பச்சைத் தண்ணீரில்... அதுவும் மனைவியின் மேற்பார்வையில்!