குஞ்சு காத்த விரால்

இதை எழுதலாமா கூடாதா என்று எத்தனையோ வருஷம் யோசித்துவிட்டேன். நாலு வரி எழுதுவேன், மச்சானின் முகம் கண்முன் வந்து நிற்கும், கிழித்துப் போட்டுவிடுவேன். அவர் என் மனைவியின் கூடப்பிறந்த அண்ணன், என் பிள்ளைக்குத் தாய்மாமன். எங்கள் வீட்டில் நல்லது கெட்டது எதுவும் அவரில்லாமல் நடக்காது. இப்போது முருகன் மேல் பாரத்தைப் போட்டுவிட்டு எழுதுகிறேன். எட்டாவதோடு நின்றவன் நான். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அறுபதுகளின் தொடக்கம். திண்டிவனத்தில் ஒரு நிலக்கடலை மண்டியில் எடை போடும் வேலை எனக்கு. மச்சான் கிளியனூர்ப் பக்கம் சொந்த நிலத்தில் பயிர் வைப்பவர். ஞாயிற்றுக்கிழமை விடிந்தால் பஸ் ஏறி அவரிடம் போய்விடுவேன். அவர் ஊருக்கு வெளியே ஒரு குட்டை, பாதி அல்லி, பாதி வேலம்பாசி. ஐப்பசியில் இரண்டு மழை விழுந்து காற்று குளிர்ந்ததும் சேற்றோடு கிடந்த விரால் மேலே வரத் தொடங்கும். இலைகளுக்கு நடுவே உள்ளங்கை அகலம் தண்ணீர் தெரியும் இடத்தில் வாயை நீட்டி மூச்செடுக்கும். தூண்டில் முள்ளில் சின்னத் தவளையைக் கோத்து அல்லி இலைமேல் போட்டு மெல்ல இழுத்து வந்தால் அடியிலிருந்து பொளக்கென்று ஓர் அடி விழும். அப்போதே இழுத்துவிட்டால் போச்சு. மீன் விழுங்கித் திரும்புகிற வரை கை சும்மா இருக்க வேண்டும். மச்சானுக்கு அந்தப் பொறுமை வராது.

"இன்னா மாப்ள, மீனுக்குத் தாலாட்டு பாடிக்கினு கீறியா? ஜல்தி இழு!" என்பார். அவர் இழுத்தால் பெரும்பாலும் பாசிதான் வரும்.

அந்த வருஷம் நான் தூண்டிலைத் தொடவில்லை. மனைவி முழுகாமல் இருந்தாள். அதற்கு முன் இரண்டு பிள்ளைகள் பிறந்து கண் திறக்காமலே போய்விட்டன. வீட்டுக்காரி பிள்ளைத்தாச்சியாக இருக்கும்போது புருஷன் ஓர் உயிரைக் கொல்லக்கூடாது, மலை ஏறக்கூடாது, முடி வெட்டக்கூடாது என்பது எங்கள் பக்கத்து வழக்கம். ஒன்று விடாமல் கடைப்பிடித்தேன். மண்டியில் என்னைச் சாமியார் என்றே கூப்பிட்டார்கள். ஆனாலும் குட்டைக்குப் போவேன். மச்சான் தூண்டில் போடுவார், நான் கரையில் உட்கார்ந்து பார்ப்பேன்.

அப்படி ஒருநாள் பார்த்துக்கொண்டிருந்தபோது, தண்ணீரில் குங்குமத்தைக் கரைத்துவிட்ட மாதிரி ஒரு சிவப்பு தெரிந்தது. அது நகர்ந்தது. எல்லாம் விரால் குஞ்சுகள், பந்தாகத் திரண்டு போய்க்கொண்டிருந்தன. அடியில் தாயும் தகப்பனும் கூடவே.

குஞ்சோடு இருக்கும் விராலைப் பிடிப்பது சுலபம். பசி இல்லாவிட்டாலும், குஞ்சுப் பக்கம் எது வந்தாலும் கோபத்தில் பாய்ந்து கவ்வும். பெரிய மீன் போய்விட்டால் குஞ்சுகளுக்கு நாதி இல்லை. நான்தான் மச்சானைக் கூப்பிட்டுக் காட்டினேன். காட்டிவிட்டு அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"இந்த ரெண்டை மட்டும் வுட்டுடுங்க மச்சான். உங்க தங்கச்சிக்குப் பொறக்கற வரைக்கும்."

"மீனுக்கும் அதுக்கும் இன்னாய்யா சம்பந்தம்?"

"தெரியல. மனசு கேக்கமாட்டேங்குது."

"சரி, பேஜாரு பண்ணாத. சூடம் கொளுத்து, சத்தியமே பண்ணிடறேன்."

கரையிலிருந்த அய்யனாருக்கு ஏற்ற எப்போதும் மடியில் சூடம் கொண்டுபோவேன். அதை ஏற்றினேன். மச்சான் எரிகிற சூடத்தை உள்ளங்கையால் அடித்து அணைத்தார். எங்களுக்கு அதற்கு மேல் ஒரு சத்தியம் கிடையாது.

அந்த வாரமே மச்சான் தூக்குப் பாத்திரத்தோடு திண்டிவனம் வந்தார். விரால் குழம்பு.

"எங்க மாட்டிச்சு?" என்றேன்.

"பக்கத்து ஏரில. தங்கச்சி வாய்க்கு ருசியா துன்னட்டும்னு எடுத்துக்கினு வந்தேன்."

பல நாளாகச் சோறு இறங்காமல் கிடந்தவள் அன்று இரண்டாம் தரம் போட்டுச் சாப்பிட்டாள். நானும் சாப்பிட்டேன். அவளுக்கு இப்படி ஓர் அண்ணனைக் கொடுத்தாயே என்று விளக்கின் முன் நின்று முருகனைக் கும்பிட்டேன்.

அடுத்த ஞாயிறு குட்டையில் அந்தச் சிவப்பைக் காணவில்லை. நாலைந்து குஞ்சுகள் மட்டும் அல்லித் தண்டை ஒட்டித் திக்குத் தெரியாமல் சுற்றின. மேலே ஒரு மீன்கொத்தி உட்கார்ந்திருந்தது. மச்சானைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் என் தோளைப் பிடித்துக்கொண்டார்.

"எந்தப் பாவி கை வெச்சானோ, அவன் வெளங்காம பூடணும்!" என்று குனிந்து மண்ணை வாரித் தூற்றினார். நானும் வாரித் தூற்றினேன்.

வீட்டில் ஒன்றும் சொல்லவில்லை. அவள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழுந்தாலே எனக்கு உயிர் போய் வரும். மயிலம் முருகன் கோயிலுக்குப் போவேன். மலை ஏறக்கூடாதே, அடிவாரத்தில் நின்று கோபுரத்தைப் பார்த்துக் கும்பிட்டுத் திரும்புவேன். மச்சானிடம் மட்டும் என் பயத்தைச் சொல்லி அழுதேன். "ஒண்ணும் ஆவாது மாப்ள, அழுவாத" என்று முதுகைத் தட்டிக்கொடுத்தார்.

மாசியில் பெண் பிறந்தாள். வீறிட்டு அழுதாள். அந்த அழுகையைக் கேட்ட பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது.

மறுவருஷம் மயிலத்தில் காது குத்து. பிள்ளை தாய்மாமன் மடியில். ஆசாரி ஒரு காதைக் குத்தியதும் அவள் அலற, கூட்டத்தைச் சிரிக்க வைக்க மச்சான் ஆரம்பித்தார்.

"எங்க மாப்ள கதை தெரியுமா? வெராலுக்குப் பிரசவம் பாத்தவரு! ரெண்டு மீனைத் தொடக்கூடாதுன்னு என்கிட்ட சத்தியம் வாங்கிக்கினாரு. மூணாம் நாளே ரெண்டையும் தூக்கிட்டேன். அந்தக் கொழம்பைச் சப்புக் கொட்டித் துன்னவரும் இவருதான்!"

எல்லோரும் சிரித்தார்கள்.

"சூடம் அணைச்சீங்களே மச்சான்?" என்றேன்.

"அணைச்சேன், கைதான் சுட்டுச்சு. புள்ள நல்லாத்தான கீது? அப்புறம் இன்னா?"

தாம்பாளத்தோடு நின்றிருந்த என் மனைவி, "அன்னிக்கு நான் துன்னது அதுவாண்ணே?" என்று கேட்டாள். அவர் சிரித்தார். அவள் தாம்பாளத்தைக் கீழே வைத்துவிட்டு, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு கோயிலின் பின்பக்கம் போய்விட்டாள். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நானும் எழுந்து போயிருப்பேன். இன்னொரு காது பாக்கி இருந்தது. தாய்மாமன் மடியிலிருந்து பாதியில் எப்படி எடுப்பது? உட்கார்ந்தே இருந்தேன்.

மச்சான் கெட்டவர் இல்லை. என் பெண்ணுக்குச் சீர் எதிலும் குறை வைத்தவர் இல்லை. அவளுக்கும் மாமா என்றால் உயிர். மீனைப் பிடித்ததைக்கூட நான் மறந்துவிடுவேன், தங்கை வயிறு நிறையத்தானே பிடித்தார். ஆனால் என் பக்கத்தில் நின்று மண்ணை வாரித் தூற்றினாரே. மாசக்கணக்கில் நான் அழுததைப் பார்த்துக்கொண்டே இருந்தாரே. அது ஆறவில்லை. ஐப்பசிக் குளிர் இறங்கினால் இப்போதும் ஆள் அனுப்புவார். வேலை இருக்கிறது என்று சொல்லிவிடுவேன். "கோவமா மாப்ள?" என்று கேட்டால், "இல்லீங்க மச்சான்" என்பேன். அந்தப் பொய்க்கு முருகன்தான் மன்னிக்க வேண்டும்.

சொந்தக்காரர்கள் இதை இன்றும் சிரிப்புக் கதையாகச் சொல்கிறார்கள். ஒவ்வொரு தடவையும் மீன் பெரிதாகிறது, நான் இன்னும் கொஞ்சம் முட்டாள் ஆகிறேன். படிக்கிறவர்கள் யாருக்காவது சொல்வதானால் கூட்டாமல் குறைக்காமல் இருந்தபடியே சொல்லுங்கள். தங்கைக்காகத்தான் பிடித்தார், அதையும் சொல்லுங்கள். தெரிந்தே என்னோடு நின்று சபித்தார், அதையும் விட்டுவிடாதீர்கள்.