சபை மண்டபத்தில் ஒரு குழி

ஆரணியில் எங்கள் தெரு நெசவாளர்கள் கூடிப் பேசி வழக்குத் தீர்க்கக் கட்டிய சபை மண்டபம் இப்போது கலையரங்கம். வாசலில் புதுப் பெயர்ப்பலகை, உள்ளே ஏசி, பஞ்சாயத்தார் உட்கார்ந்த மர மேடைமேல் சிவப்புக் கம்பளம். கம்பளத்துக்கு அடியிலிருந்த மரத்தை மட்டும் யாரும் தொடவில்லை. அது பாரம்பரியமாம்.

அங்கேதான் என் பத்து வயது மகள் முதல்முறையாக ஆடினாள். நெசவைப் பற்றிய நடனம். அன்று காலையே மேடையேறிக் குதித்துப் பார்த்தேன். எனக்கு எதிலும் பயம்தான். ஓரிடத்தில் மரம் முனகியது. அரங்கச் செயலாளரிடம் போய்ச் சொன்னேன்.

"பலகை ஆடுதுங்க."

"டான்ஸ் ஆடுற எடத்துல அது மட்டும் சும்மா இருக்குமா சார்? நூறு வருசத் தேக்கு. பேஜார் பண்ணாதீங்க."

தேக்கின் வயதைச் சொன்னவர் கரையானின் வயதைச் சொல்லவில்லை.

மாலையில் மகள் தறியில் நாடா ஓட்டுவதுபோல் கைகளை இடமும் வலமும் வீசிக்கொண்டிருந்தாள். மளுக்கென்று ஒரு சத்தம். அவளுடைய வலது கால் கம்பளத்தைக் கிழித்துக்கொண்டு முழங்கால்வரை மேடைக்குள் போய்விட்டது. நான் பதறி எழுவதற்குள் அரங்கம் அதிரக் கைதட்டல். குழிக்குள் காலை விட்டு உட்கார்ந்து, தறியின் கட்டையை மிதித்து நெய்தே வளர்ந்த ஊர். மேடையிலேயே குழியைக் கண்டதும் பூரித்துப் போனது.

"ஐயோ, கால்!" என்று கத்தினேன்.

பின்வரிசைக்காரர் என் சட்டையைப் பிடித்து இழுத்தார். "உக்காருங்க சார், மறைக்குது. பாப்பா குழித்தறி காட்டிகினு இருக்குது. எப்பிடி மிதிக்குது பாருங்க!"

காலை வெளியே இழுக்க அவள் பட்ட பாடுதான் அவருக்கு மிதி.

"கண்ணுல தண்ணிகூட வருதே!" என்றார் அவர் மனைவி.

"ஜரிகை வெலய நெனச்சிகினு இருக்கும்."

கூட்டத்தைப் பிளந்துகொண்டு மேடைக்கு ஓடினேன். பலகையைப் பெயர்த்து அவளைத் தூக்கியபோது எனக்கும் கைதட்டினார்கள். கம்பளம் சிவப்பாக இருந்ததால் ரத்தம் யார் கண்ணையும் உறுத்தவில்லை. மருத்துவமனையில் ஏழு தையல். எலும்பு முறியவில்லை என்று டாக்டர் மூன்று தடவை சொன்ன பிறகும் எக்ஸ்ரேயைத் திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மறுவாரம் செயலாளர் ஆப்பிள் பையோடு வீட்டுக்கு வந்தார். மன்னிப்புக் கேட்கத்தான் வந்திருக்கிறார் என்று நாற்காலி போட்டேன்.

"ஊரே அதான் பேசுது சார். அடுத்த மாசம் இன்னொரு தபா போட்டுடலாங்க. அந்தக் குழிய அப்பிடியே விட்டு வச்சிருக்கோம்."

கட்டுப்போட்ட காலை நீட்டிப் படுத்திருந்த மகள் தலையைத் தூக்கினாள். "இந்த வாட்டி எந்தக் கால் அங்கிள்?"

அவர் விழுந்து விழுந்து சிரித்தார். அவளும் சிரித்தாள். அவரை வாசல்வரை வழியனுப்பிவிட்டுக் கதவைச் சாத்தினேன். தாழ்ப்பாள் விழுந்ததா என்று மூன்று முறை இழுத்துப் பார்த்தேன்.