மகள் சொல்லுவா

நோயாளிக்கு ஆங்கிலம் போதாவிட்டால் தகுதிபெற்ற மொழிபெயர்ப்பாளரை அழைக்க வேண்டும். குடும்பத்தவரை அந்த வேலைக்குப் பயன்படுத்தக் கூடாது. பிள்ளைகளை ஒருபோதும் கூடாது. இந்த மாநில ஆஸ்பத்திரிகளின் விதியை என் வசனத்தில் சுருக்கித் தந்திருக்கிறேன். மூலம் இதைவிட நீளம். நீளமாக எழுதுவதுதான் என் உத்தியோகமாக இருந்தது. அரச திணைக்களம் ஒன்றில் நடைமுறைக் கையேடுகள் எழுதி ஓய்வுபெற்றவன் நான். அனுபவத்தில் சொல்கிறேன்: ஒரு நல்ல விதி மீறப்படும்போது அறையில் இருக்கும் எல்லோருக்கும் அது வசதியாகவே இருக்கும்.

நான் சொல்லும் அறையில், பத்து வருடத்துக்கு முன், மூன்று பேர் இருந்தார்கள். ஒரு டொக்டர், கர்ப்பிணியான என் தங்கை, அவளுடைய பதினொரு வயது மகள். தங்கையின் கணவர் வேலையில். தொலைபேசியில் தமிழ் மொழிபெயர்ப்பாளரை எடுக்கட்டுமா என்று டொக்டர் முறைப்படி கேட்டிருக்கிறார். தங்கை வேண்டாம் என்றாள். சிட்னியில் அந்த வேலை செய்யும் தமிழர்களை அவளுக்குத் தெரியும். ஒருவர் கோயில் அன்னதானத்தில் அவளுக்குப் பக்கத்தில் இருந்து சாப்பிடும் அன்ரி. வயிற்றுப் பிள்ளைக்கு ஏதோ குறை என்பது காலையில் அந்த அன்ரியின் காதில் விழுந்தால், மாலையில் பென்டில் ஹில் தமிழ்க் கடையில் வெண்டிக்காய் பொறுக்குபவர்களுக்கும் தெரிந்திருக்கும். இரகசியம் காப்பதாக அவர்கள் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள், உண்மை. எங்கள் ஆட்களுக்கு விதிகளைத் தெரியாது, அன்ரிமாரைத் தெரியும். மகள் சொல்லுவா என்று தங்கை தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் முடித்துவிட்டாள்.

இவ்வளவும் எனக்குத் தெரியவந்தது இந்த வருடம்தான். அந்த மகளுக்கு, என் மருமகளுக்கு, இப்போது இருபத்தொரு வயது. கருக்கலைப்பை எதிர்க்கும் பல்கலைக்கழக மாணவர் குழு ஒன்றில் இரண்டு வருடமாக இருக்கிறாள். அவள் மரக்கறிச் சாப்பாட்டுக்கு மாறியதைப் போலவே வீட்டில் அதையும் ஏற்றுக்கொண்டிருந்தோம்: மரியாதையாக, விவரம் கேட்காமல். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் கைப்பேசியில் ஓர் உரையோடு என் வீட்டுக்கு வந்தாள். சனிக்கிழமை மாநிலப் பாராளுமன்றத்துக்கு முன்னால் ஒரு கூட்டம், அவளும் பேசுகிறாள், சட்டம் பற்றிய வசனங்கள் சரியா என்று மாமா பார்த்துத் தர வேண்டும்.

சட்டம் சரியாகத்தான் இருந்தது. அதற்கு அடுத்த பகுதியில் அந்த அறை வந்தது. பிள்ளைக்கு டவுன் சின்ட்ரோம் இருக்கிறது, சில குடும்பங்கள் கர்ப்பத்தைத் தொடர்வதில்லை, அவசரமில்லை, யோசித்துச் சொல்லலாம் என்று டொக்டர் சொன்னார். பதினொரு வயதுக்குத் தெரிந்த தமிழில் இவள் அதை அம்மாவுக்குச் சொன்னாள். அம்மா இவளைப் பார்த்து, "நீ என்ன சொல்லுறாய்?" என்று கேட்டாள். தனக்குத் தம்பி வேணும் என்று இவள் சொன்னாள். உரையின் கடைசி வசனம்: பதினொரு வயதில் நான் ஓர் உயிரைக் காப்பாற்றினேன்.

"அம்மாவுக்குத் தெரியுமோ, நீ இதைச் சனிக்கிழமை அவ்வளவு சனத்துக்கும் சொல்லப்போறாய் எண்டு?"

தெரியாது என்றாள்.

இந்த விடயத்தில் நான் அவள் பக்கம் இல்லை. முடிவு அந்தப் பெண்ணுடையது, அரசாங்கம் கதவைச் சாத்திவிட்டு வெளியே நிற்க வேண்டும் என்று நினைப்பவன். ஆகவே சொன்னேன்: உன் கதை நிரூபிப்பது ஒன்றைத்தான், மொழிபெயர்ப்பாளர் விதி மீறப்பட்டிருக்கிறது. கேள்வி கேட்கப்பட்டது அம்மாவிடம், உன்னிடம் அல்ல.

அவள் கோபப்பட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். குரல் தணிந்துதான் வந்தது.

"கேட்டது என்னட்டை, மாமா. முதல் நாள்தான் சைக்கிள் வாங்கித் தரேல்லை எண்டு அம்மாவோடை கோவம். அந்தக் கோவத்திலை தம்பி வேண்டாமெண்டும் சொல்லியிருப்பன். ஒவ்வொரு பேர்த்டேக்கும் அவன் கேக் வெட்டேக்கை எனக்கு அதுதான் ஞாபகம் வரும். அந்தக் கேள்வியை ஒருத்தரிட்டையும் கேக்கக் கூடாது. பதினொரு வயசெண்டாலும் சரி, நாப்பதெண்டாலும் சரி."

நான் பழக்கப்பட்ட ஆயுதத்தை எடுத்தேன். மருத்துவத் தகவல் நோயாளிக்குச் சொந்தமானது, அவருடைய சம்மதம் இல்லாமல் வெளியிட முடியாது என்றேன். அது ஆஸ்பத்திரியைக் கட்டுப்படுத்தும் சட்டம், குடும்பத்தை அல்ல. அவளுக்கு அது தெரிந்திருக்காது என்று நம்பினேன். தெரிந்திருந்தது. ஆனாலும் அம்மாவிடம் முதலில் சொல்ல என்னோடு காரில் ஏறினாள். வழி முழுவதும் யோசித்தேன். இதைக் கேட்டால் தங்கை அவளை வீட்டைவிட்டுத் துரத்துவாளா, அல்லது கேட்காததுபோல் இருந்துவிடுவாளா? இரண்டாவதுக்குத்தான் நான் அதிகம் பயந்தேன்.

தங்கை குசினியில் கறிக்கு லீக்ஸ் வெட்டிக்கொண்டிருந்தாள். வெளி விறாந்தையில் அவன், அந்தத் தம்பி, ஒன்பது வயது, ரயில் அறிவிப்பு செய்துகொண்டிருந்தான். தூங்காபி, பென்டில் ஹில், வென்ட்வேர்த்வில். ஒரு நிலையத்தைத் தவறவிட்டால் பயணிகளிடம் மன்னிப்புக் கேட்டு முதலில் இருந்து தொடங்குவான். எனக்குத் தெரிந்து இந்த மாநிலத்தில் அந்த நடைமுறையைப் பின்பற்றுபவன் அவன் ஒருவன்தான்.

உரை ஆங்கிலத்தில் இருந்தது. நான் தமிழில் சொல்லட்டுமா என்று கேட்டேன். மருமகள் தலையாட்டி மறுத்துவிட்டு, தானே ஒவ்வொரு வசனமாகத் தமிழில் சொல்லத் தொடங்கினாள். அதே இரண்டு பேர், அதே ஏற்பாடு. அறை வந்த இடத்தில் கத்தி நின்றது. தங்கை நிமிரவில்லை. கடைசி வசனம் வரை கேட்டாள்.

"நீ காப்பாத்தினனியோ?"

விறாந்தையில் ரயில் ஒரு நிலையத்தில் நின்றது.

"உன்னைக் கேக்க முதலே எனக்குத் தெரியும், நான் இவனைப் பெறுவன் எண்டு. உன்ரை முகம் வெளிறிப்போய் இருந்தது. பெரிய ஆக்கள் மாதிரி எல்லாத்தையும் நீயே சொல்லிப்போட்டு நிண்டாய். உனக்கும் ஒரு சொல்லு இருக்கட்டும் எண்டுதான் கேட்டனான். இதையோ பத்து வருசமாச் சுமந்துகொண்டு திரிஞ்சனி?"

மருமகள் கதிரையில் இருந்தாள். பிறகு, அவள் உண்மையில் கேட்க வேண்டியிருந்த ஒன்றைக் கேட்டாள்.

"நான் வேண்டாமெண்டு சொல்லியிருந்தால்?"

"வாயிலை ரெண்டு போட்டிருப்பன்."

மருமகள் சிரித்தாள். சிரிப்பு பாதியில் வேறொன்றாக மாறியது. தங்கை லீக்ஸைத் தள்ளி வைத்துவிட்டு மகளின் தலையைத் தன் வயிற்றோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். நான் தேநீருக்குத் தண்ணீர் வைத்தேன், யாரும் கேட்டிருக்கவில்லை.

சம்மதம் கிடைத்தது, நிபந்தனைகளோடு. பேசலாம். பெற முடிவெடுத்தது தாய்தான் என்று சொல்ல வேண்டும். டொக்டரைக் கூடாத ஆள் என்று சொல்லக் கூடாது, அவர் எழும்பிப்போய்த் தண்ணீர் எடுத்து வந்து தந்தவர். மகன் கேட்கும் இடத்தில் இந்தக் கதை ஒருபோதும் கூடாது. என் திணைக்களத்தில் இதைவிடத் தெளிவான ஆவணத்தை நான் கண்டதில்லை.

சனிக்கிழமை நான் வீதியோரம் ஒரு மரத்தின் கீழ் நின்றேன். எதிர்ப்பக்கத்தில் இன்னொரு கூட்டம் கோஷம் போட்டுக்கொண்டிருந்தது. அவர்களுடைய பதாகைகளில் நான் ஒத்துக்கொள்ளும் வசனங்கள் இருந்தன. ஏற்பாட்டாளர்களுக்குப் பழைய கடைசி வசனம்தான் வேண்டியிருந்தது. மருமகள் அதைக் கொடுக்கவில்லை. முடிவெடுத்தவர் அம்மா, தன் வழியாகக் கேட்கப்பட்ட கேள்விதான் தன்னை இந்த மேடைக்குக் கொண்டுவந்தது, பிறக்காதவர்களுக்காகத் தொடர்ந்தும் பேசுவேன் என்றாள். இப்படிப்பட்ட செய்தி கேட்கும் ஒரு பெண்ணுக்கு, எதையும் கேட்க முன்னர், தன் தம்பியைப் போன்ற ஒரு பிள்ளையைக் காட்டுங்கள்; அவளுடைய மொழியில் பேசுங்கள்; பேசுபவர் அவளுடைய கோயிலுக்குப் போகாதவராக இருக்கட்டும் என்றாள். கோயில் விடயம் யாருக்கும் விளங்கவில்லை. கைதட்டல் சுமாராக இருந்தது. என்னுடையதும் அதில் இருந்தது; எந்தப் பகுதிக்கு என்று யாரும் கேட்கவில்லை.

அதையே அவள் ஆஸ்பத்திரிக்கு முறைப்பாடாக எழுதினாள். நான் விதி இலக்கங்களை மட்டும் சேர்த்தேன். தங்கை கையெழுத்திட்டாள். மொழிபெயர்ப்பாளரை வேறு மாநிலத்தில் இருந்து, நோயாளியின் பெயர் சொல்லாமல், தொலைபேசியில் எடுக்க வேண்டும்; மெல்பேர்னின் கிரான்பர்னில் இருக்கும் யாரோ ஒருவருக்குப் பென்டில் ஹில் வெண்டிக்காயோடு என்ன தொடர்பு? மற்றது, இப்படி ஒரு பிள்ளையை வளர்க்கும் குடும்பத்தோடு பேச வாய்ப்புத் தர வேண்டும். முறைப்பாடு கிடைத்தது என்று கணினி உடனே பதில் போட்டது. பிறகு மனிதர்கள் வேலையைப் பொறுப்பேற்றார்கள். அவர்களே வகுத்த காலக்கெடு கடந்தது. நான் நினைவூட்டல் அனுப்பினேன், மிகுந்த மரியாதையோடும் கொஞ்சம் சந்தோஷத்தோடும்.

பதில் வந்தபோது தங்கை கூழ் காய்ச்சிக்கொண்டிருந்தாள். அவன் கூழுக்கு வெட்டி வைத்த தேங்காய்ச்சொட்டுகளை ஒவ்வொன்றாக எடுத்துத் தின்றுகொண்டிருந்தான். மருமகள் கடிதத்தை வாசித்தாள். வருந்துகிறார்கள். வேறு மாநிலத்து மொழிபெயர்ப்பாளரைக் கேட்கலாம் என்று இனிமேல் நோயாளிகளுக்கு முன்கூட்டியே சொல்வார்கள். குடும்பங்களைச் சந்திப்பது பற்றி ஒரு குழு கூடுகிறது; தாய் நேரில் வந்து பேச முடியுமா? மொழிபெயர்ப்பாளர் ஒழுங்கு செய்யப்படுவார்.

தங்கை அகப்பையை நிறுத்தாமல், "அது வேண்டாமெண்டு எழுதுங்கோ, அண்ணை. மகள் சொல்லுவா," என்றாள்.

"இல்லை, அம்மா. மெல்பேர்ன் ஆள் சொல்லட்டும். நான் உங்களுக்குப் பக்கத்திலை சும்மா இருக்கிறன்."

தங்கை கொஞ்ச நேரம் கூழைக் கிண்டினாள். பிறகு சரி என்றாள். அன்று ஆடிப்பிறப்பு, எங்கள் வீடுகளில் கூழ் காய்ச்சும் நாள்.