மீண்டும் வருக

நம்பாதவர்கள் நம்பாமலே இருக்கட்டும். யாரையும் நம்ப வைக்கும் தெம்பு எனக்கு இல்லை. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். பட்டப்பகல். இருட்டு இல்லை, மழை இல்லை, நான் தூங்கவும் இல்லை.

நான் வாஷிங் மெஷின் பழுது பார்ப்பவன். பட்டறை மாடியில். எந்தச் சத்தத்துக்கு என்ன கோளாறு என்று வலைப்பூவில் எழுதுவேன். நாலு வருடத்துக்கு முன் ஒரு பெண்மணி பின்னூட்டம் போட்டார்: "என் மெஷின் அழுகிற மாதிரி சத்தம் போடுகிறது. என்ன செய்யலாம்?" பேரிங் தேய்ந்திருக்கும் என்று பொறுமையாக விளக்கினேன். சரியாகிவிட்டது. அன்றிலிருந்து 'பழைய மெஷின்' என்ற பெயரில் ஒரு பதிவு விடாமல் பின்னூட்டம் எழுதினார். நானும் மனசு விட்டுப் பதில் சொல்வேன். முகம் தெரியாத சிநேகம்.

பிறகு அப்பா இறந்தார். அதற்குப் பின் எனக்கு எதுவும் உறைக்கவில்லை. பசி, கோபம், எதுவுமே. யார் என்ன எழுதினாலும் படிக்காமலே ஒரே வரியை ஒட்டினேன். "வருகைக்கு நன்றி. மீண்டும் வருக."

அன்று பட்டறைக்கு வந்த அக்கா என் போனை எடுத்துப் பார்த்தாள்.

"எல்லாருக்கும் ஒரே பதிலா? நீ மனுஷனா, ரப்பர் ஸ்டாம்பாடா?"

"படிக்க முடியலக்கா."

"இவங்களையாவது படி. யாரு இந்தப் பழைய மெஷின்?"

போனை என் கையில் திணித்துவிட்டு, டீ வாங்கக் கீழே போனாள். மணி 2:55.

கடைசி ஆறு மாதத்தைப் படித்தேன்.

"உங்கள் தெருமுனை வரை வந்தேன்."

அதன் கீழே என் பதில்: வருகைக்கு நன்றி. மீண்டும் வருக.

"உங்கள் மாடிப்படியில் மூன்றாவது படி ஆடுகிறது. பார்த்து நடங்கள்."

மீண்டும் வருக.

"இன்று கதவு வரை வந்தேன். குனிந்து வேலை செய்துகொண்டிருந்தீர்கள்."

மீண்டும் வருக.

பட்டறை முகவரியை நான் எங்கும் எழுதியதில்லை. அந்தப் படியைப் பற்றியும்.

பயம் வரவில்லை.

மணி 3:10. போன் அதிர்ந்தது. புதுப் பின்னூட்டம்.

"உள்ளே வரலாமா?"

என் கட்டைவிரல்... பழக்க தோஷம்... ஒட்டிவிட்டது.

வருகைக்கு நன்றி. மீண்டும் வருக.

வெளியே மூன்றாவது படி ஆடியது. டக்... டக்.

மூலையில் இருந்த மெஷின் சுற்ற ஆரம்பித்தது.

மெதுவாக... அழுகிற மாதிரி.

அதன் மோட்டார் என் மேசைமேல் இருந்தது. காலையில்தான் கழற்றினேன்.

3:14-க்கு நின்றது.

அக்கா டீயோடு வந்தாள். "படி ஏன்டா இன்னும் ஆடிட்டிருக்கு?"

போனை நீட்டினேன். அவள்தான் இன்னும் பின்னால் போய், நான் பார்க்காத ஒன்றைக் கண்டுபிடித்தாள். ஏழு மாதத்துக்கு முந்தையது. "நாளைக்கு எனக்கு ஆபரேஷன். பயமாக இருக்கிறது. ஒரு வார்த்தை சொல்லுங்களேன்." கூடவே ஒரு போன் நம்பர். கீழே என் பதில், அதே வரி.

அந்த எண்ணுக்குப் பேசினேன். அந்தப் பெண்மணியின் தம்பி எடுத்தார். வலைப்பூவின் பெயரைச் சொன்னேன்.

"அக்கா தவறி ஏழு மாசமாச்சுங்க. ஆபரேஷன் அன்னிக்கே."

எனக்கு அழுகை வரவில்லை. வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"பதில் போட்டது நீங்கதானா?" என்றார். "அத எங்கிட்ட காட்டிட்டுத்தான் உள்ள போனாங்க. 'பாத்தியா, திரும்ப வரச் சொல்லியிருக்கார். என்ன ஆனாலும் போயிடணும்டா'ன்னாங்க."